“அந்த நேரத்துல ஒண்ணுமே தெரியலையே!” – ஆர்க் வெல்டிங் பாதுகாப்பு: வாசகர் கேள்வி, மாஸ்டர் பதில்

பட்டறையிலும் பயிற்சிக் கூடத்திலுமாக என் காலம் ஓடிவிட்டது. ராடு (இரும்பை ஒட்டவைக்க உருகும் வெல்டிங் குச்சி) பிடித்த நாட்களைவிட, பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாட்கள் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளைப் படிக்கும்போது ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: “வேலை பார்க்கும்போது ஒண்ணும் தெரியல மாஸ்டர்.” ஷாக் அடித்தால் உடனே தெரியும், கை சுட்டால் உடனே தெரியும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நரம்புக்கும் வருகிற கேடு அப்படி இல்லை, நேரம் கழித்துத்தான் வரும். பட்டறையில் பிடிக்கும் தீயும் பல சமயம் அப்படித்தான். ஆகவே “இப்போ நல்லாத்தானே இருக்கேன்” என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தக் கவலையோடுதான் எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் பட்டறையில் ஹெல்பர். வெல்டு வைப்பது இவர் இல்லை. வேறொருவர் டாக் (துண்டுகள் நகராமல் இருக்க வைக்கும் சிறு பொட்டு வெல்டு) அடிக்கும்போது இரும்பைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். சாயங்காலம் நன்றாகத்தான் வந்தார். நடுராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல இருக்கிறது என்று துடித்துவிட்டார். லைட் போடக்கூட விடவில்லை. பார்வை போய்விடுமா? (ஒரு வாசகி)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்திருக்கிறது. ஆர்க்கில் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்சுடரில்) இருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். வெயிலில் நாள் முழுக்க நின்றால் தோல் எரிகிறதே, அதே காயம்தான், இடம் மட்டும் கண். சுட்ட செல்கள் உதிர நேரம் ஆவதால், வலி பெரும்பாலும் 4 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். பகலில் பட்டது நடுராத்திரியில் எழுப்பியதற்குக் காரணம் இதுதான். மேல்தோல் சீக்கிரம் வளர்ந்துவிடும். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும், பார்வை போகாது.

அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. இருட்டான இடத்தில் கண்ணை மூடிப் படுக்கட்டும், சுத்தமான குளிர்ந்த துணியை மூடிய இமை மேல் வைக்கலாம். வீட்டில் இருப்பதைக் கண்ணுக்குள் பிழிந்து விடுகிற வைத்தியம் எதுவும் வேண்டாம், வெந்த தோலில் கிருமி சேரும். டாக்டரிடம் போனால் சோதிப்பதற்காக மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவார்கள், வலி சட்டென்று நிற்கும். அந்தச் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்து திரும்பத் திரும்ப விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது காயம் ஆறுவதைத் தடுக்கும், கருவிழியையே கெடுத்துவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். வெளிச்சம் அடித்தால் அநேகமாக இரண்டு கண்ணும் வலிக்கும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தினால் அது கிரைண்டர் தூளாகவோ, வெல்டு மேல் படிகிற ஸ்லாக் ஓட்டின் துண்டாகவோ இருக்கலாம். இரும்புத் தூள் கருவிழியில் ஒட்டினால் அங்கேயே துருப்பிடிக்கும், துரு வளையத்தையும் சேர்த்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். தீக்குச்சி முனையால் பக்கத்து ஆளை எடுக்கச் சொல்வது கண்ணைப் பணயம் வைக்கிற காரியம். சுத்தியால் அடிக்கும்போது தெறித்த துண்டு என்றால் அது கண்ணுக்கு உள்ளேயே போயிருக்கவும் கூடும். கண்ணை அழுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெளிச்சம் அடித்த கண்ணாகவே இருந்தாலும், இரண்டு நாளில் வலி அடங்காவிட்டால், அல்லது பார்வை மங்கலாகவே இருந்தால், காத்திருக்க வேண்டாம்.

இனி அவர் வேலைக்கு வருவோம். டாக் ஒரு நொடிதானே என்று ஹெல்மெட்டை இறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது எல்லாப் பட்டறையிலும் இருக்கிற பழக்கம். நாள் பூராவும் டாக் அடித்தால் அந்த நொடிகள் சேர்ந்துகொண்டே போகும். அதில் அடிபடுவது வெல்டரைவிட, இரும்பைப் பிடித்து நிற்கும் ஹெல்பர்தான், ஏனென்றால் எப்போது ஆர்க் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பினாலும் பக்கவாட்டில் கதிர் வரும், வெள்ளைச் சுவரிலும் பளபளப்பான தகட்டிலும் பட்டுத் திரும்பியும் வரும். கூலிங்கிளாஸ் வெல்டிங்குக்குப் போதாது. துண்டைப் பிடிக்கிற ஆளுக்கும் வெல்டருக்குச் சமமான ஹெல்மெட் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதைக் கேட்க உங்கள் கணவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: தானாகக் கறுக்கிற ஆட்டோ ஹெல்மெட் வாங்கப்போகிறேன். ஆர்க் பிடித்த பிறகுதானே அது கறுக்கும், அதற்குள் கண்ணில் பட்டுவிடாதா? பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? கறுப்பு நம்பர் எவ்வளவு வைக்க வேண்டும்? (பயிற்சி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. தரச் சான்று பெற்ற ஆட்டோ ஹெல்மெட்டில் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கிற பூச்சு எப்போதும் வேலை செய்யும். கண்ணாடி கறுத்தாலும் கறுக்காவிட்டாலும், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தடுப்பு அப்படியே இருக்கும். கறுப்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைக்கத்தான். ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நல்ல ஹெல்மெட் கறுத்துவிடும். பேட்டரி தீர்ந்தால் கறுக்காது, வெளிச்சம் கண்ணைக் கூசும். அந்த நிலையில் தொடர்ந்து வெல்டு வைக்கக் கூடாது, அந்தக் கூசும் வெளிச்சமே விழித்திரைக்குக் கெடுதல். தரச் சான்று இல்லாத மலிவு ஹெல்மெட்டுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் என்ன பூச்சு இருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது.

ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்ப்ஸ் வரை 10-ஆம் நம்பர், 160 முதல் 250 வரை 12-ஆம் நம்பர் வசதியாக இருக்கும். 2.5 மில்லிமீட்டர் ராடும் 3.15 ராடும் ஓட்டுகிற ஆளுக்கு 10 அல்லது 11 போதும். முதலில் அதிகக் கறுப்பாக வைத்து, உருகிய குளம் தெளிவாகத் தெரிகிறவரை ஒவ்வொரு நம்பராக இறக்குங்கள். ஆனால் 160 ஆம்ப்ஸ் வரைக்கும் 8-க்குக் கீழேயும், அதற்கு மேல் 10-க்குக் கீழேயும் போகாதீர்கள்.

காலையில் வேலை தொடங்கும் முன் ஹெல்மெட்டை ஒரு பல்புக்கு நேராகப் பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். ஓரத்தில் ஊசி முனையளவு வெளிச்சம் வந்தாலும், கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். முன்னால் இருக்கும் சென்சார் மேல் ஸ்பாட்டர் (தெறித்த உலோகத் துளி) ஒட்டியிருந்தால் அது ஆர்க்கைப் பார்க்காது. பைப்புக்குப் பின்னால் குனிந்து வெல்டு வைக்கும்போதும் இதே சிக்கல் வரும், கண்ணாடி மின்னி மின்னிக் கறுக்கும். அந்த மாதிரி இடங்களில் எனக்குப் பழைய நிலையான கறுப்புக் கண்ணாடிதான் இன்றும் பிடிக்கும்.

ஹெல்மெட்டுக்குள்ளேயும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ஸ்லாக் தட்டுகிற நேரத்தில்தான் சூடான செதில் கண்ணுக்கு வருகிறது.

கேள்வி: காண்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டு வைத்தால் லென்ஸ் கண்ணோடு உருகி ஒட்டிவிடும் என்கிறார்களே? (கல்லூரி மாணவி)

பதில்: வெறும் கதை. பல நாடுகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கண்ணில் லென்ஸ் உருகும் அளவுக்குச் சூடு வந்தால் முகமே வெந்திருக்கும். பட்டறைத் தூசி லென்ஸுக்கு அடியில் சிக்கினால் உறுத்தும், அதற்கு மட்டும் கவனமாக இருங்கள். ஹெல்மெட் எல்லோருக்கும் போலத்தான்.

கேள்வி: ஜிஐ பைப்பில் நாள் முழுக்க வேலை பார்த்தேன். ராத்திரி குளிர்க்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்பு நக்கியது போல ஒரு சுவை. மறுநாள் சாயங்காலம் தானாகவே சரியாகிவிட்டது. “பால் குடிச்சிட்டு அடிச்சா வராது” என்கிறார் எங்கள் மேஸ்திரி. உண்மையா? (ஒரு வெல்டர்)

பதில்: உங்களுக்கு வந்தது துத்தநாகப் புகைக் காய்ச்சல். ஜிஐ பைப்பின் மேல் பூச்சு துத்தநாகம். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதாவது உங்கள் இரும்பு உருகத் தொடங்கும் முன்பே பூச்சு புகையாகி மேலே வந்துவிடுகிறது. வெள்ளையாகப் புகை எழும்பி, ஒட்டடை நூல் போல மிதந்து ஹெல்மெட் விளிம்பிலும் சட்டைத் தோளிலும் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது துத்தநாக ஆக்சைடு. தோளில் படிந்ததைக் கையால் தட்டிவிடலாம். மூச்சில் போனது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். பல மணி நேரம் கழித்து உடம்பு அதை எதிர்க்கும்போது ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

பால் எதையும் தடுக்காது. பால் போகிற வழி இரைப்பை, புகை போகிற வழி நுரையீரல். மேஸ்திரி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பால் குடித்த தைரியத்தில் பத்து நிமிடம் கூடுதலாகப் புகையில் நிற்பீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

தினமும் இந்தப் புகையில் நிற்பவர்களுக்கு வாரக் கடைசியில் காய்ச்சல் வராமல், லீவு முடிந்து வரும் முதல் நாளில் மறுபடி வரும். உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்கிறது, இரண்டு நாள் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. “எனக்கெல்லாம் பழகிடுச்சு” என்று மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். பழகியது காய்ச்சல் மட்டும்தான், நுரையீரலுக்குள் போகும் புகை குறைவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வெல்டு வைக்கும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள், இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். அந்தத் தூளும் மூச்சில் போகக் கூடாது, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள். முடிந்த பிறகு துத்தநாகப் பெயிண்ட் அடித்தால் துருப் பயம் இல்லை. புகை எழும்புகிற கோட்டுக்கு நேர் மேலே தலையை வைக்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைக் குறைக்கும். ஃபேன் வைத்தால் பக்கத்தில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் காற்று உங்கள் உடம்பைச் சுற்றி முன்னால் சுழன்று புகையை முகத்துக்கே இழுத்து வரும். புகையை உறிஞ்சும் குழாய் இருந்தால் அதன் வாய் ஆர்க்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தூரத்தில் இருந்தால் சத்தம்தான் மிச்சம்.

கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்தப் புகையை நிறுத்தாது. இதன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. என்-95 போன்ற, முகத்தோடு இறுக்கி ஒட்டுகிற மாஸ்க் வேண்டும், ஹெல்மெட்டுக்கு அடியில் இடிக்காத தட்டையான வகை கிடைக்கிறது. தாடி இருந்தால் ஒட்டாது. ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோடு மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் வந்தால் அதைத் துத்தநாகம் என்று நினைத்து வீட்டில் படுத்துவிடாதீர்கள். காட்மியம் பூசிய பழைய போல்ட், பிராக்கெட்டில் இருந்து வரும் புகையும் முதல் சில மணி நேரம் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். பூச்சு என்னவென்று தெரியாத பழைய உதிரிப் பாகத்தில் ஆர்க் பிடிக்காதீர்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாகத்தை பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு வெல்டு வைக்கலாமா? (மெக்கானிக்)

பதில்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பவற்றில் டெட்ராகுளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு என்று குளோரின் சேர்ந்த பெயர் எது இருந்தாலும் வெல்டிங் செய்யும் இடத்துக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. அதன் ஆவி ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் வாயுவாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. முதலில் லேசாக இருமல் வரும், அப்புறம் சரியானது போலத் தோன்றும், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோக்கும். அப்படி ஒரு புகையைச் சுவாசித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். பிசுக்குப் போக சோப்புத் தண்ணீர் போதும். அசிட்டோன் என்றால் முழுக்க உலர்ந்து, நனைந்த துணியையும் டப்பாவையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஆர்க்.

கேள்வி: என் அப்பா வாலிபத்தில் இருந்தே வெல்டர். இப்போது கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது. வயசுதான் காரணம் என்கிறார். வெல்டிங் காரணமாக இருக்குமா? (மகள்)

பதில்: இருக்கலாம் அம்மா, வேறு காரணமும் இருக்கலாம். கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக் கூடாது. இரும்பு வெல்டிங் புகையில் மாங்கனீசு உண்டு, ராடிலும் இரும்பிலும் இருந்து வருகிறது. அது அதிகமாக உடம்பில் சேர்ந்தால் நரம்பைப் பாதித்து பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கம், நடை மாற்றம், மனநிலை மாற்றம் வரும். மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களிடம் 1837-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதல் வார்த்தையாக “இத்தனை வருஷம் வெல்டர், மூடிய இடத்தில் வேலை, உறிஞ்சும் குழாய் கிடையாது” என்று சொல்லுங்கள். டாக்டர்கள் கேட்கவில்லை என்றால் இந்த விஷயம் விடுபட்டுப் போகும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் போயிருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தத்தில் உள்ளே கிடக்கும் துண்டு நகரும்.

நுரையீரலையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-இல் வெல்டிங் புகையைப் “புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற பட்டியலில் வைத்திருந்தது. 2017-இல் “உண்டாக்கும்” என்ற முதல் பிரிவுக்கு மாற்றிவிட்டது. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வெல்டிங்கில் ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் வரும் என்பது முன்பே தெரியும். சாதாரண இரும்பு வெல்டிங் புகையும் இந்த முடிவுக்குள் அடக்கம். “நான் எஸ்எஸ் அடிக்கிறதில்லையே” என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: மெஷினில் இருந்து வருவது 70, 80 வோல்ட்தான். அது ஆளைக் கொல்லுமா? எங்கள் பட்டறையில் ஷாக் தடுக்கும் பிரேக்கரும் போட்டிருக்கிறோம். (பட்டறை உரிமையாளர்)

பதில்: கொல்லும். உலர்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். வியர்வையில் நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்துப் பாருங்கள், 80 மில்லி ஆம்ப்ஸ். பத்துப் பதினைந்து மில்லி ஆம்ப்ஸிலேயே கை இறுகிப் பிடித்துக்கொண்டு விடாது. 80 இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். வெல்டு ஓடும்போது வோல்டேஜ் 20, 25 அளவுக்கு இறங்கிவிடும். ஆர்க் இல்லாமல் சும்மா இருக்கும்போதுதான் முழு வோல்டேஜும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் நிற்கும். அதனால்தான் ராடு மாற்றும் நேரம் ஆபத்தான நேரம். ஏசி மெஷின் டிசியைவிட மோசம்.

உங்கள் பிரேக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெயின் லைனில் கசிவு வந்தால் அது கட் செய்யும். ராடுக்கும் வேலைத் துண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டால் அது விழாது. மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுகிறது, அந்தப் பக்கம் நடப்பது பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. அதைப் போட்டது நல்ல காரியம், இருக்கட்டும். அதை நம்பி ஈரக் கையுறையை விட்டுவிடாதீர்கள். வாங்கும்போது விஆர்டி வசதி உள்ள மெஷினாக வாங்கினால் சும்மா இருக்கும்போது வோல்டேஜைப் பலவற்றில் 30-க்குக் கீழே இறக்கி வைத்திருக்கும்.

நான் எந்தப் பட்டறைக்குள் போனாலும் முதலில் ஹோல்டரைத்தான் பார்ப்பேன். தாடையின் மேல் இருக்கும் கறுப்பு இன்சுலேஷன் ஓரத்தில் உடைந்து, உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரியும். கைப்பிடிக்குப் பின்னால் கேபிள் மடங்கி மடங்கி ரப்பர் வெடித்து, அதன் மேல் டேப் சுற்றியிருக்கும், டேப்பும் சூட்டில் இளகியிருக்கும். அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தாலே அந்தப் பட்டறையில் மற்றவை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். புது ஹோல்டர் வாங்கிக் கொடுங்கள் ஐயா. கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று வியர்வையில் நனைந்தால் கழற்றி உலர்த்திவிட்டு மற்றதைப் போடட்டும். ராடு மாற்றும்போதும் இரண்டு கையிலும் கையுறை இருக்க வேண்டும். ஹோல்டரை அக்குளில் இடுக்குவது, சூடாகிவிட்டது என்று தண்ணீரில் முக்குவது, கேபிளை உடம்பில் சுற்றிக்கொள்வது, எதுவும் கூடாது. ஈரத் தரையிலோ இரும்புத் தகட்டின் மேலோ உட்கார வேண்டி வந்தால் உலர்ந்த பலகையோ ரப்பர் பாயோ போடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

எர்த் கிளாம்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹோல்டரில் 120 ஆம்ப்ஸ் போனால் அந்த 120-ம் எர்த் கேபிள் வழியாகத் திரும்ப வர வேண்டும். துரு தேய்த்து எடுத்த இடத்தில், வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்ப்பை மாட்டுங்கள். தூரத்தில் ஏதோ ஒரு இரும்பில் மாட்டினால் கரண்ட் தனக்குச் சுலபமான வழியில் போகும். கிரேன் சங்கிலி, பேரிங், மற்ற மெஷின்களின் எர்த் வயர் எதையும் விடாது. சுட்டுப்போன எர்த் வயர் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். பிறகு ஒருநாள் வேறொரு மெஷினைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

கேள்வி: காலி டிரம்மை அறுத்து வெல்டு வைத்து அடுப்பு செய்யப்போகிறேன். முன்பு பெட்ரோல் இருந்தது. கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் வைத்திருக்கிறேன். போதுமா? (ஒரு வாசகர்)

பதில்: போதாது தம்பி. அந்த டிரம்மைத் தொடாதீர்கள். ஏனென்று கணக்காகவே சொல்கிறேன். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கு கலந்தாலே வெடிக்கும். 200 லிட்டர் டிரம்மில் அந்த அளவுக்கு ஆவி சேர ஏறக்குறைய 15 மில்லி பெட்ரோல் போதும். டிரம்மின் அடிப்பக்க மடிப்பைப் பாருங்கள், தகடு சுருட்டி மடித்த இடம். எத்தனை முறை கழுவினாலும் அந்த மடிப்புக்குள் 15 மில்லி தாராளமாக ஒளிந்திருக்கும். வெயிலில் வைத்தால் ஆவியாகிப் போனது போலத் தெரியும், ஆர்க் சூடு பட்டதும் மிச்சம் வெளியே வரும். நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடமில்லை, காலி டிரம்தான் வெடிக்கும். டீசல், கிரீஸ், பெயிண்ட் இருந்த டிரம்களும் அப்படித்தான். சாதாரண நேரத்தில் மணம்கூட வராது, தகடு சூடானதும் ஆவி கிளம்பும். மூக்கால் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீராவி விட்டுக் கழுவி, வாயு மீட்டரால் சோதித்து, உள்ளே எரியாத வாயு நிரப்பிச் செய்வதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உண்டு. ஒரு அடுப்புக்கு அதெல்லாம் தேவையில்லை, புதுத் தகடு வாங்கிச் செய்யுங்கள்.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு சொல்கிறேன். இரு முனையும் அடைத்த பைப்பில் வெல்டு வைத்தால் உள்ளே காற்று சூடாகிப் பிய்த்துக்கொண்டு வரும், முதலில் ஒரு சிறு துளை போடுங்கள். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டு வைக்கவே வைக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டேன் என்பார்கள். சூட்டில் ரப்பர் சிதைந்து உள்ளே எரியும் வாயு உண்டாகும், ஆர்க்கை நிறுத்திய பிறகும் வெடிக்கலாம். டயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலை.

கேள்வி: வேலை முடிந்ததும் மெஷினை அணைத்துவிட்டுப் போகலாமா, கொஞ்ச நேரம் இருக்க வேண்டுமா? (சைட் சூப்பர்வைசர்)

பதில்: ஒரு மணி நேரம் இருங்கள். அமெரிக்கத் தீத்தடுப்பு விதி முன்பு அரை மணி நேரம் என்றது, 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கிவிட்டது. மரத்தூள், பஞ்சு, தெர்மோகோலுக்குள் விழுந்த பொறி புகை காட்டாமல் கனன்றுகொண்டே இருக்கும். சுற்றிலும் 11 மீட்டர் தூரத்துக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள், நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத விரிப்பால் மூடுங்கள். பக்கவாட்டில் பார்த்துவிட்டு, கீழே பார்க்க மறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. தளத்தின் இணைப்பு இடைவெளி வழியாகப் பொறி கீழே இறங்கிக் கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் நுரையில் தீப்பிடித்தது. 17 பேர் இறந்தார்கள். அந்த நுரை வெல்டரின் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. ஆகவே உங்கள் சைட்டில் கீழ்த்தளத்திலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு ஆளை நிறுத்துங்கள். அவர் கையில் தீயணைப்பான் இருக்கட்டும், வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். வெல்டரின் பாக்கெட்டில் லைட்டர் இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். நைலான், பாலியஸ்டர் சட்டை வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும். கனமான பருத்திச் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டு, பேண்ட் ஷூவுக்கு மேல் விழும்படி.

கேள்வி: எனக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். மறுபடி வெல்டிங் செய்யலாமா? (ஒரு வெல்டர்)

பதில்: இதய டாக்டர் அனுமதிக்காமல் ஆர்க் நடக்கிற பட்டறைக்குள்ளேயே போகாதீர்கள் அண்ணே. வெல்டிங் கேபிளைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலம் கருவியைக் குழப்பலாம். உங்களுக்கு வைத்தது ஐசிடி (துடிப்பு குலைந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வகை என்றால், அதை இதயக் கோளாறு என்று தவறாக எடுத்துக்கொண்டு ஷாக்கே கொடுத்துவிடலாம். சிலருக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைக்கிறது. அப்படிக் கிடைத்தால் கருவி செய்பவர்கள் பொதுவாகச் சொல்வது இது: 160 ஆம்ப்ஸுக்கு மேல் போகக் கூடாது, ஆர்க்குக்கும் நெஞ்சில் உள்ள கருவிக்கும் நடுவில் 60 சென்டிமீட்டராவது வேண்டும், மெஷின் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துத் தரையில் ஓட விடுங்கள், நீங்கள் அவற்றுக்கு நடுவில் நிற்காதீர்கள். ஆர்க் பிடிக்கவில்லை என்றால் தட்டித் தட்டி முயற்சி செய்யாமல் பத்து நொடி விட்டு மறுபடி பிடியுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். தலை சுற்றினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மெஷினை விட்டு விலகுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது மெஷினின் பின்னால் இருக்கும் விவரத் தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை ஆம்ப்ஸில் வேலை செய்வீர்கள், என்ன ராடு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பேஸ்மேக்கர் அட்டையையும் எடுத்துப் போங்கள், அதில் இருக்கும் மாடலை வைத்துத்தான் அவர் கம்பெனியிடம் கேட்டுச் சொல்ல முடியும்.